பரங்கி விளைந்த பாத்திக்கு எது ஓய்வு?

வாசகர் கேள்வி – பதில்

ராட்சதப் பரங்கி வளர்ப்பு பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ கேட்கவில்லை. ‘அதே பாத்தியில் மறுபடியும் போடலாமா, எத்தனை நாள் விட்டுப் போடணும்?’ என்றுதான் கேட்கின்றன. அதனால் இந்த இதழ்ப் பக்கங்களை மண்ணுக்கே ஒதுக்கிவிட்டோம்.

திருவையாறு வாசகர்: வாழைக் கொல்லை ஓரத்தில் 2 சென்ட் பாத்தி இருக்கிறது. முதல் வருடம் ராட்சத ரகத்தில் 40 கிலோ காய் வந்தது. அடுத்த வருடமும் அங்கேயே போட்டேன். கொடி பத்தடி ஓடியதும் மதிய வெயிலில் வாட ஆரம்பித்தது. காய் 12 கிலோவைத் தாண்டவில்லை. ‘மண் களைச்சுப் போச்சு, ஒரு வருஷம் சும்மா போடு’ என்கிறார் அப்பா. அது போதுமா ஐயா?

பதில்: ஒரு வருடம் பரங்கி போடக்கூடாது என்று உங்கள் அப்பா சொல்வது சரி. சும்மா போடச் சொல்வதுதான் நம் டெல்டாவில் ஆபத்து.

குளிர் நாடுகளில் இந்தக் காயை வளர்ப்பவர்களுக்குப் பனிக்காலம் என்று ஒன்று உண்டு. நாலைந்து மாதம் மண் உறைந்து கிடக்கும், களைகூட முளைக்காது. நம் மண்ணுக்கு அப்படித் தூங்குகிற மாதமே கிடையாது. நீங்கள் சும்மா விட்ட பாத்தியில் பத்தே நாளில் மணத்தக்காளியும் கீரைப்பூண்டும் முளைத்துவிடும். பரங்கி வேரைத் தின்ற வேர்முடிச்சு நூற்புழு மணத்தக்காளி வேரில் சுகமாகக் குடியிருக்கும். வேலியில் ஏறிய கோவையும் முசுமுசுக்கையும் பரங்கிக்குச் சொந்தக்காரச் செடிகள்தான். பழ ஈக்கும் சிவப்பு வண்டுக்கும் அவை அடுத்த பட்டம் வரை அடைக்கலம் தரும். போன வருடம் அழுகிய காயிலிருந்து விழுந்த விதை தானாக முளைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது காரணம் உப்பு. கோடையில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணில் அடியீரம் மேலே ஏறி ஆவியாகும். அதோடு ஏறி வந்த உப்பு மேலேயே தங்கிவிடும். போர்வெல் தண்ணீர் பாய்ந்த பாத்தியில் பங்குனி கடைசியில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். மூன்றாவது, நிழலில்லாத மண்ணில் மட்கு வேகமாகக் கரைந்துபோகும். ஆக, ஒரு வருடம் வெறுமே போட்ட பாத்தி போட்ட அன்று இருந்ததைவிட மோசமாகவே உங்கள் கைக்குத் திரும்பி வரும்.

மண்ணுக்கு ஓய்வு என்பது வேறு குடும்பத்துப் பயிர். சித்திரையில் கொடியை வேரோடு அப்புறப்படுத்தி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிப் போடுங்கள். பழ ஈயின் கூட்டுப்புழுக்கள் மேல் மண்ணில்தான் இருக்கும். சிவப்பு வண்டின் புழுவும் வேரடியில்தான். கத்திரி வெயிலும் மைனாவும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். ஆடியில் தண்ணீர் வந்ததும் சென்டுக்கு 200 கிராம் சணப்பு (பசுந்தாள் உரச் செடி) விதையை நெருக்கி விதையுங்கள். 45-ஆம் நாள், பூ எடுக்கும்போது அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கி மண்ணில் புரட்டி, மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்திருங்கள். அதன் பிறகு சோளமோ கேந்தியோ (செண்டுமல்லி) போடலாம்.

பக்கத்தில் வாழை இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். வாழையும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு நல்ல வீடு. மதியம் வாடி மாலையில் தெளிந்த கொடி என்றால் எங்கள் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கும்பகோணம் வாசகிக்குக் கீழே சொல்லியிருக்கும் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள்.

சீர்காழி வாசகர்: வெளிநாட்டில் 1,000 கிலோ காய் என்கிறார்களே, நம் மண்ணை எவ்வளவு தேற்றினால் அது வரும்?

பதில்: மண்ணால் மட்டும் வராது. 2023-இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் எடை போட்ட காய் 1,246.9 கிலோ. அந்த இனங்களெல்லாம் கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜெயண்ட்’ வழி வந்தவை. குளிர்ந்த இரவும் நீண்ட பகலும் கேட்பவை. நம் இரவுச் சூட்டில் கொடி பகலில் செய்த சர்க்கரையைத் தானே எரித்துவிடும். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் பெண் பூ பிஞ்சிலேயே உதிரும். மார்கழிக் கடைசியில் விதைத்து, மாசி – பங்குனிக்குள் காய் பெருக்கிற மாதிரி வைத்துக்கொள்வதுதான் நமக்குள்ள ஒரே வழி. உங்கள் ஊர் நாட்டுப் பரங்கியே வேறு இனம், வெயில் தாங்கும். அதிலிருந்து பெரிய காயாகப் பார்த்து விதை எடுத்துத் தேர்ந்து வருவதும் நல்ல வேலைதான். எந்த இனமானாலும் கீழே சொல்லும் மண் விவரங்கள் பொருந்தும்.

மயிலாடுதுறை வாசகி: எத்தனை வருடம் இடைவெளி? இடையில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

பதில்: நோயே தெரியாத பாத்திக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். அடித்தண்டு அழுகியிருந்தால் மூன்று வருடம். அதை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை செடியில்லாத மண்ணில் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கக்கூடியது. விதையிலும் ஒட்டிவரும் என்பதால், அழுகிய கொடியின் காய் எவ்வளவு பெரியதானாலும் அதிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெள்ளரி, தர்பூசணி, முலாம்பழம், கல்யாணப் பூசணி எல்லாம் ஒரே குடும்பம். ‘பரங்கிக்கு மாற்றாகப் புடல் போட்டேன்’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அது மாற்றே இல்லை. வெண்டை, கத்திரி, தக்காளி, மிளகாய் வேறு குடும்பம் என்றாலும் நூற்புழுவுக்குப் பிடித்தவை. வெண்டைக்குப் பின் பரங்கி போடுவதைத் தவிருங்கள்.

நம் பக்கத்து வழக்கமான உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தமான மண்ணில் உளுந்து நல்ல மாற்றுப்பயிர். நூற்புழு இருக்கும் மண்ணிலோ உளுந்தும் அதற்குத் தீனியாகிவிடும். அங்கே சோளம், எள், சணப்பு, கேந்தி என்று போங்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்கள், கடலையில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து தண்டழுகல் வந்திருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கடுகு மாதிரி உருண்டையாக மண்ணில் தங்கும் அந்தப் பூஞ்சை வித்து, அடுத்த பட்டத்தில் தரையில் கிடக்கும் பரங்கியின் அடிப்பக்கத்தை அழுக வைக்கும்.

பசுந்தாளுக்குத் தக்கைப்பூண்டா, சணப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் தேங்கும் களிமண், உவர் மண் என்றால் தக்கைப்பூண்டு. அங்கே சணப்பு அழுகிவிடும். வடிகால் உள்ள மேட்டுக் கொல்லைக்குச் சணப்பு. நூற்புழு இருந்தால் சணப்பேதான், ஏனெனில் தக்கைப்பூண்டு வேரில் அது பெருகும்.

பட்டுக்கோட்டை வாசகர்: என்னிடம் இருப்பதே ஒரு பாத்தி. குழியை மட்டும் ஐந்தடி தள்ளி எடுத்தால் மாற்றியதாகாதா?

பதில்: ஆகாது. பரங்கி குழியில் மட்டும் வேர் விடுகிற செடி இல்லை. கொடி தரையில் படும் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். பெரிய காய் வேண்டும் என்று நீங்களே அந்தக் கணுக்களில் மண் அணைக்கிறீர்கள். ஆக, கொடி படர்ந்த இடம் முழுவதும் பரங்கி நின்ற இடம். ஒரு செடிக்கு ஒரு சென்டாவது, நன்றாகக் கவனித்தால் இரண்டு சென்ட் வரை, அது தின்று தீர்த்த மண்.

ஒரே பாத்திக்காரர்கள் பாத்தியை மாற்ற முடியாது, காலத்தை மாற்றலாம். சித்திரை நடுவில் காய் இறக்கியதும் பாத்தியைச் சுத்தம் செய்து, கட்டியில்லாமல் கொத்தி, சமப்படுத்தி, நன்றாக நனையத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மறுநாள் 25 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிதீன் தாளைப் போர்த்தி, நாலு ஓரத்தையும் அரையடி மண்ணில் புதைத்து மூடுங்கள். கறுப்புத் தாள் களையை அடக்கும், ஆனால் இந்தச் சூட்டைத் தராது. தாள் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். நடுவில் காற்று உப்பியிருந்தால் சூடு இறங்காது. நாலிலிருந்து ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும். ஈரமண் இல்லையென்றால் இதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது, ஏனெனில் சூட்டைக் கீழே கடத்துவதே அந்த ஈரம்தான். நாய் மிதித்து ஓட்டை விழுந்தால் அன்றைக்கே ஒட்டுங்கள்.

பலரும் கோட்டை விடுவது தாளை எடுத்த பிறகுதான். வெயில் சுத்தம் செய்வது மேல் அரையடியைத்தான். தாளை எடுத்துவிட்டு ஒன்றரையடி ஆழத்துக்குக் கடப்பாரை போட்டால், அடியிலிருந்த நோயை நீங்களே மேலே கொண்டுவந்து பரப்புகிறீர்கள். ஆழக் கொத்தும் வேலை எல்லாம் தாள் போடுவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

அதே மாதிரி, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைத் தாளுக்கு முன் போட்டால் அதுவும் வெந்து போகும். தாள் எடுத்தபின் போடுங்கள். ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் குவித்து, சாக்கு மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துப் பதினைந்து நாள் வைத்துப் பாத்தியில் தூவலாம்.

பிறகு ஆடியில் சணப்பு, அது மட்கியதும் புரட்டாசிக் கடைசியில் அடிக்கு ஒரு நாற்றாகக் கேந்தி. ஓரத்தில் நாலு செடி அழகுக்கு வைத்தால் நூற்புழு குறையாது. பாத்தி முழுவதும் நெருக்கமாக, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் நின்றால்தான் அதன் வேர் வேலை செய்யும். உங்கள் செம்மண்ணில் ஐப்பசி மழை வடிந்துவிடும். களிமண்காரர்கள் மேட்டுப்பாத்தி கட்டி நடவேண்டும்.

இத்தனையும் செய்து முடித்து, அந்த மார்கழிக் கடைசியிலேயே பரங்கி போடலாமா என்றால், ராட்சதக் காய்க்கு வேண்டாம். அந்தப் பட்டத்தில் சோளம் போட்டு அடுத்த மார்கழிக்குக் காத்திருங்கள். காத்திருக்கவே முடியாதென்றால் மூன்றடி அகலம், ஒன்றரையடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அந்த மண்ணை வெளியேற்றி, நெல்வயல் மண்ணும் மக்கிய எருவும் பாதிப்பாதி நிரப்பி வைக்கலாம். கொடி கணுவேர் இறக்கும்வரை அது காப்பாற்றும், அதற்கு மேல் உத்தரவாதமில்லை.

மன்னார்குடி வாசகர்: சம்பா அறுத்த வயலில் பரங்கி போட்டால் மண் புதிதாக இருக்குமே?

பதில்: நல்ல யோசனை, காலம்தான் இடிக்கிறது. தேங்கிய தண்ணீரில் மண்ணுக்குக் காற்று அற்றுப்போகும். வாரக்கணக்கில் அப்படி நின்றால் வேர்முடிச்சு நூற்புழு பெருமளவு மடியும், ஃபியூசேரியமும் குறையும். இந்த வசதி டெல்டாக்காரருக்குக் கைமேல் இருக்கிறது. ஆனால் சம்பா அறுப்பு தை – மாசியில். மாசியில் ராட்சத ரகம் விதைத்தால் காய் பெருக்க வேண்டிய நேரம் கத்திரி வெயிலாகிவிடும். அதில் நாட்டுப் பரங்கி போடுங்கள், நன்றாக வரும்.

ராட்சதப் பரங்கிப் பாத்திக்குச் சரியான நெல் குறுவை. ஆடுதுறை 43 மாதிரி 110 நாள் ரகத்தை ஆனியில் விட்டால் புரட்டாசியில் அறுத்துவிடலாம். பாத்தியைச் சுற்றி ஓரடி வரப்பு போதும். சேற்று உழவு மட்டும் வேண்டாம். புழுதியில் விதைத்து, பயிர் ஒரு மாதமானதும் தண்ணீர் கட்டுங்கள். சேறு கலக்கிய வயலில் அரையடிக்குக் கீழே ஒரு கெட்டித் தளம் இறுகிவிடும். நெல் வேருக்கு அது பாதகமில்லை. பரங்கி வேர் அதில் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும், மழையில் தண்ணீரும் அங்கேயே நிற்கும். சந்தேகமிருந்தால் விரல் தடிமன் இரும்புக் கம்பியை ஈர மண்ணில் இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். ஆறு, ஏழு அங்குலத்தில் திடீரென்று நின்றால் தளம் இருக்கிறது.

அதை உடைக்கவும் பதம் பார்க்க வேண்டும். அறுத்துத் தண்ணீர் வடித்தபின் அரையடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது உதிர்ந்தால் கடப்பாரை போடலாம். களிமண் விரலில் ஒட்டி வழுவழுவென்று நசுங்கினால் இன்னும் நாலு நாள் பொறுங்கள். அந்த ஈரத்தில் கொத்தினால் செங்கல் மாதிரிக் கட்டி கட்டியாகக் காய்ந்து, அடுத்த கோடை வரை உடையாது. கொத்தியபின் அரையடிக்கு வைக்கோல் பரப்பிவிடுங்கள், ஐப்பசி மழை மண்ணை அறைந்து மூடாமலிருக்கும்.

ஒரு குறை: தண்ணீர் நின்ற மண்ணில், வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்தை எடுத்துத் தரும் வேர் உட்பூசணமும் குறைந்திருக்கும். அதனால் விதைக்கும்போது குழிக்கு 50 முதல் 100 கிராம் ‘வாம்’ (அந்தப் பூசணம் கலந்த உயிர் உரம்) விதைக்குக் கீழே படுமாறு போடுங்கள். நெல்லுக்குப் பின் துத்தநாகக் குறையும் நம் வயல்களில் சகஜம். கடைசிக் கொத்தில் சென்டுக்கு 100 கிராம் துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள், சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்க்காமல்.

கும்பகோணம் வாசகி: என் கொடி வாடியது நூற்புழுவாலா, நோயாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வகத்துக்குத்தான் போகணுமா?

பதில்: வீட்டிலேயே பாதி தெரிந்துவிடும். கொடியை இழுத்துப் பிடுங்காதீர்கள், இழுத்தால் சல்லிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் ஓரடி சுற்றி வெட்டித் தூக்கி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரே பருத்து, இஞ்சித் துண்டு மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தால் நூற்புழு. உளுந்து வேரிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அது வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. நகத்தால் தட்டினால் கழன்று வரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சைப் பிய்த்தால் வேரே பிய்ந்துவிடும்.

வேர் நன்றாக இருந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாக ஊறிப்போய், லேசாகத் தள்ளினாலே ஒடிந்தால் அது அடித்தண்டு அழுகல். வெளியே ஒன்றும் தெரியாமல், தண்டைச் சாய்வாக வெட்டும்போது உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் நோய். இலை மஞ்சள் நரம்போடி நெளிந்திருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். அதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை, எத்தனை வருடம் பயிர் மாற்றினாலும் குறையாது.

கொடியை ஏற்கெனவே தூக்கி எறிந்துவிட்டவர்கள் மண்ணைச் சோதிக்கலாம். பாத்தியில் பத்து இடத்தில் அரையடி ஆழத்து ஈர மண்ணாக எடுத்துக் கலந்து, பாதியைத் தொட்டியில் போடுங்கள். மீதியைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஆறவைத்து இன்னொரு தொட்டியில் போடுங்கள். இரண்டிலும் நாலு வெள்ளரி விதை. முப்பத்தைந்தாம் நாள் வேரை அலசிப் பார்த்தால் பதில் கையிலிருக்கும். முடிச்சு இருந்தால் சென்டுக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, அதோடு சணப்பும் கேந்தியும். புண்ணாக்கை மட்டும் நம்பிப் பயிர் மாற்றத்தை விட்டுவிடாதீர்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: ஓய்வுக்குப் பதில் ஒவ்வொரு வருடமும் வண்டி வண்டியாக எரு போட்டால் மண் தேறாதா? நான் குழிக்கு 60 கிலோ போடுகிறேன், ஆனாலும் இலை வெளிறுகிறது.

பதில்: ‘ஆனாலும்’ அல்ல, ‘அதனால்தான்’ வெளிறுகிறது என்று நினைக்கிறோம். வேளாண் பல்கலைக்கழகம் சாதாரணப் பரங்கிக்குச் சொல்வது குழிக்கு 10 கிலோ. ராட்சதக் காய்க்கு 20, 25 கிலோ சரி. பாத்திக்கு மொத்தமாகச் சென்டுக்கு 80 முதல் 100 கிலோ வருடத்துக்கு ஒருமுறை போதும். எருவில் உள்ள தழைச்சத்து மழையிலும் பயிரிலும் போய்விடும். மணிச்சத்து போகாது, வருடா வருடம் ஏறிக்கொண்டே இருக்கும். ஏறிய மணிச்சத்து துத்தநாகத்தையும் இரும்பையும் வேர் எடுக்கவிடாது, இளம் இலை வெளிறும். உங்கள் கடலோரத் தண்ணீரின் உப்போடு எருவின் உப்பும் சேரும்.

இந்த வருடம் எருவை நிறுத்திவிட்டு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எரு கொட்டிய இடம், வரப்போரம், மரத்தடி தவிர்த்துப் பத்து இடத்தில் ‘வி’ வடிவில் அரையடி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டை ஒதுக்கி, அரை கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்துங்கள். உங்களுக்குப் பக்கத்தில் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். மண்வள அட்டை வந்ததும் மூன்றைப் பாருங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 1-க்குள் இருக்க வேண்டும். மணிச்சத்து ஏக்கருக்கு 9 கிலோவுக்கு மேல் என்றால் அதிகம். எருவும் வேண்டாம், மணிச்சத்துள்ள டிஏபி உரமும் வேண்டாம், பசுந்தாள் மட்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போயிருந்தால் ஜிப்சம் தேவைப்படும், அளவு அட்டையில் உள்ளபடி. ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் தேக்கி வடிகட்டினால்தான் உப்பு வெளியேறும். ஆற்றுத் தண்ணீர் வரும் நாட்களில் அதைச் செய்யுங்கள்.

வலங்கைமான் வாசகி: மார்கழிக் கோலத்துக்குப் பாத்தியிலிருந்து பூப் பறிக்கிறேன். காய் குறையும் என்று திட்டு விழுகிறது.

பதில்: பூவுக்கு அடியில் குட்டிப் பரங்கி மாதிரி உருண்டை இருந்தால் பெண் பூ, அதைத் தொடாதீர்கள். நீளக் காம்பில் வெறும் பூவாக நிற்பது ஆண் பூ. தேனீக்கும் மகரந்தத்துக்கும் கொடிக்கு மூன்று நாலை விட்டுவிட்டு மீதியைத் தாராளமாகப் பறித்துக் கோலத்தில் வையுங்கள்.